பிஜி விடுதியில் இருந்துகொண்டு ஹார்டுவேர் வாலட் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: வசீர்எக்ஸ் திருட்டுக்குப் பிறகு எக்ஸ்சேஞ்சில் பிட்காயினை வைத்திருக்கவே பயமாக இருக்கிறது. ஹார்டுவேர் வாலட் வாங்கலாம் என்று இருக்கிறேன். பெங்களூரில் பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதி) இருக்கிறேன், அறையில் இன்னும் இருவர் உண்டு. எப்படி செட்டப் செய்வது, எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பயம் நியாயமானதுதான். ஹார்டுவேர் வாலட் என்பது பிட்காயினின் ரகசியச் சாவியை இணையத்திலிருந்து தள்ளிவைத்திருக்கும் சின்னக் கருவி. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து (கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் தளம்) 23 கோடி டாலருக்கு மேல் போனது. கிரிப்டோ வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்கு மேல் அதை எடுக்க முடியாமல் காத்துக்கிடந்தார்கள். ஆனாலும் ஆர்டர் போடும் முன் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் எக்ஸ்சேஞ்ச், நாணயத்தை வெளி வாலட்டுக்கு அனுப்ப விடுகிறதா? வாங்கலாம், விற்கலாம், வெளியே மட்டும் எடுக்க முடியாது என்று வைத்திருக்கும் செயலிகளும் உண்டு. உங்களிடம் இருப்பதே பத்தாயிரம் ரூபாய்க்குத்தான் என்றால் விட்டுவிடுங்கள். எளிய மாடலுக்கே பல ஆயிரம் ஆகும்.

எஸ்.பி. ரோட்டில் அலைந்தால் கிடைக்காத எலக்ட்ரானிக் சாமான் இல்லை. இதை மட்டும் அங்கே தேடாதீர்கள், பழையதும் வாங்காதீர்கள். தயாரிக்கும் நிறுவனத்தின் தளம், அல்லது அந்தத் தளத்தில் பெயர் போட்டிருக்கும் விற்பனையாளர், அவ்வளவுதான். வாலட்டை மீட்க உதவும் ரகசியச் சொற்கள் சில உண்டு. பெட்டிக்குள் அவற்றை ஏற்கெனவே அச்சடித்த அட்டை ஒன்று இருந்து, 'இதைப் பயன்படுத்துங்கள்' என்று சொன்னால் அது மோசடி. அந்தச் சொற்களை விற்றவனும் வைத்திருப்பான். நீங்கள் பணம் போட்டதும் எடுத்துக்கொள்வான். சொற்களை டிவைஸ்தான் உங்கள் கண்முன்னே புதிதாக உருவாக்க வேண்டும்.

அதற்கான செயலியை இறக்கும்போதும் கூகுளில் தேடி முதலில் வரும் விளம்பரத்தை அழுத்த வேண்டாம். 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்குள்ளேயே லெட்ஜர் என்ற ஹார்டுவேர் வாலட் நிறுவனத்தின் பெயரில் ஒரு போலிச் செயலி நுழைந்து பலருடைய பணத்தை எடுத்துவிட்டது. நிறுவனத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள்.

செட்டப் என்று பார்த்தால் பெரிய வேலை இல்லை. பின் நம்பர் வைக்கச் சொல்லும், பிறகு அதன் சின்னத் திரையில் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைக் காட்டும், எழுதிக்கொள்ளச் சொல்லும். பின் நம்பரை மறந்தால் பயப்பட வேண்டாம். லெட்ஜரில் மூன்று முறை தப்பாகப் போட்டால் டிவைஸ் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். சொற்களைக் கொண்டு மீட்டுவிடலாம். உங்கள் பிட்காயின் அந்த டிவைஸுக்குள் இல்லை, பிளாக்செயின் என்ற பொதுவான இணையக் கணக்கேட்டில் இருக்கிறது. டிவைஸ் வைத்திருப்பது சாவியை. அந்தச் சாவியின் முழு நகல்தான் இந்தச் சொற்கள். ஆகவே அறை நண்பர் டிவைஸைத் தூக்கிக்கொண்டு போனாலும் சமாளிக்கலாம், காகிதத்தைப் படித்துவிட்டால் கதை முடிந்தது.

எல்லோரும் வைஃபை, ப்ளூடூத் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். நான் முதலில் கூரையைப் பார்க்கச் சொல்வேன், சிசிடிவி இருக்கிறதா என்று. ஆபீஸிலோ காஃபி ஷாப்பிலோ செய்யாதீர்கள். அறை நண்பர்கள் ஊருக்குப் போகும் வார இறுதியில் கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள். சொற்களைப் போட்டோ எடுக்கக் கூடாது, வாட்ஸ்அப்பில் நமக்கே அனுப்பிக்கொள்ளவும் கூடாது. போன் கேலரியில் இருக்கும் படங்களைப் படித்து இந்த மாதிரிச் சொற்களைத் தேடும் ஸ்பார்க்கேட் என்ற வைரஸை 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனம் அம்பலப்படுத்தியது. அது இருந்தது கூகுள் பிளேயிலும் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும்.

சரி, காகிதத்தை எங்கே வைப்பது? பிஜிக்காரர்களுக்கு இதுதான் உண்மையான தலைவலி. வருஷத்துக்கு ஒரு தடவை இடம் மாறுகிறோம், சாமான் எல்லாம் பேக்கர்ஸ் ஆட்கள் கையில் போகிறது. அலமாரிப் பூட்டை நம்பிப் புண்ணியமில்லை. இரண்டு பிரதி எழுதி, ஒன்றை ஊரில் அம்மாவின் பீரோவிலும் இன்னொன்றை பேங்க் லாக்கரிலும் வையுங்கள் என்பேன். லாக்கர் இல்லையென்றால் நம்பிக்கையான அக்கா, தம்பி வீடு. பாதிச் சொற்கள் இங்கே, பாதி அங்கே என்று கிழித்து வைப்பது புத்திசாலித்தனம் போலத் தெரியும். ஒரு பாதி தொலைந்தாலும் மொத்தமும் போச்சு என்பதால் நான் அதைச் சொல்லவே மாட்டேன். தமிழ் எழுத்தில் எழுதி மறைப்பதும் வேண்டாம், ஸ்பெல்லிங் குழம்பும்.

ஜெல் பேனா ஈரம் பட்டால் ஊறிவிடும், பால்பாயின்ட் தேவலை. ஸ்டீல் தகட்டில் பதிப்பது இன்னும் நல்லது. ஹார்டுவேர் கடையில் எழுத்துப் பஞ்ச் செட் வாங்கி நீங்களே அடித்துக்கொள்ளலாம். சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மாதிரி சிக்பேட்டைக் கடைக்காரரிடம் கொடுத்து வெட்டலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நல்லவேளை, கேட்டார்!

பலர் தாண்டிப்போகும் படி ஒன்று இருக்கிறது. பெரிய தொகையை அனுப்பும் முன் சின்னத் தொகை அனுப்புங்கள். அது வந்து சேர்ந்ததும் டிவைஸை ரீசெட் செய்து, காகிதத்தைப் பார்த்துச் சொற்களை டிவைஸிலேயே போட்டு மீட்டுப் பாருங்கள். அதே வாலட் முகவரி (கணக்கு எண் மாதிரி), அதே தொகை தெரிந்தால் எழுதியது சரி. ஒரு சொல்லில் எழுத்துப் பிழை இருந்தால் அது இப்போது தெரிவதே மேல்.

முகவரியைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்து நம்பக் கூடாது. நீங்கள் காப்பி செய்த முகவரியை பேஸ்ட் செய்யும் நேரத்தில் மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. டிவைஸ் திரையில் வரும் முகவரியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள், நடுப்பகுதியையும் சேர்த்து. யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ நாணயம்) வைத்திருந்தால் அது பயணிக்கும் டிஆர்சி20, இஆர்சி20 என்ற நெட்வொர்க்கும் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும்.

டிவைஸ் எதையாவது 'அப்ரூவ்' செய்யச் சொன்னால், அது என்னவென்று திரையில் புரியாதவரை அழுத்தாதீர்கள். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் போனது இப்படித்தான். அவர்களும் ஹார்டுவேர் வாலட்டில்தான் கையெழுத்துப் போட்டார்கள், அதாவது அப்ரூவ் செய்தார்கள். கம்ப்யூட்டர் திரை ஒன்றைக் காட்டியது, கையெழுத்து விழுந்தது வேறொன்றில்.

அப்புறம், 2020-இல் லெட்ஜர் வாடிக்கையாளர்களின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் கசிந்தன. அதைத் தொடர்ந்து சிலர் வீட்டுக்குப் போலி டிவைஸே பார்சலில் வந்தது. உங்களுக்கும் மெயில், கடிதம், போன் வரலாம். சொற்களைக் கேட்கிறவர் யாராக இருந்தாலும் திருடர்தான். பாஸ்ஃபிரேஸ் என்று, அந்தச் சொற்களோடு நீங்களே சேர்க்கும் ரகசிய வார்த்தையாகக் கூடுதல் பூட்டு ஒன்று உண்டு. முதல் வருஷம் அதைத் தொடாதீர்கள். மறந்தால் மீட்க வழியே இல்லை.

வரி விஷயம்: விற்கும்போது லாபத்துக்கு 30 சதவீதம், 2022 ஏப்ரலில் வந்தது. எக்ஸ்சேஞ்சை விட்டு வெளியே வரும் முன் வாங்கிய விலை, தேதி உள்ள ஸ்டேட்மென்டை இறக்கிவையுங்கள். அந்தக் கம்பெனி நாளை இருக்குமோ இருக்காதோ.

வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிய வேண்டும். தனியாக ஒரு கடிதம் எழுதி வையுங்கள். என்ன டிவைஸ், என்ன நாணயம், காகிதம் எங்கே இருக்கிறது, நம்பி யாரிடம் உதவி கேட்கலாம் என்பதெல்லாம் அதில் தமிழில் இருக்கட்டும். சொற்கள் மட்டும் அந்தக் கடிதத்தில் வேண்டாம்.