முதல் கியர் இல்லாத முதலாளி

கேள்வி: அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய ஓட்டுனர் ஆலன் குல்விக்கியை, பெரிய அணி வைத்திருந்த ஜூனியர் ஜான்சன் பத்து லட்சம் டாலர் தருகிறேன் வா என்று கூப்பிட்டாராம். போகாமல், தானே முதலாளியாக இருந்தது அசட்டுத்தனம் இல்லையா? 1992-இல் அவர் சாம்பியன் ஆனது வெறும் அதிர்ஷ்டம்தானே? (ஒரு வாசகர், நாமக்கல்)

பதில்: நாமக்கல்காரர் கேட்கிற கேள்வியா இது? லாரியை வாங்கி, தவணையும் கட்டி, தானே ஸ்டியரிங்கும் பிடிக்கிறவரை ‘ஓனர் கம் டிரைவர்’ என்று உங்கள் ஊரில்தானே சொல்வீர்கள்? டீசல் கணக்கு, டயர் கணக்கு, டியூ கணக்கு மூன்றும் தலைக்குள் ஓடும்; வண்டியைக் கை பார்த்துக்கொள்ளும். குல்விக்கியும் அந்த ரகம்.

அதற்கு முன் ‘ஓட்டுனர்’. இந்தப் பக்கத்தில் எத்தனை முறைதான் மன்றாடுவது? ஓட்டு, இயக்கு, அனுப்பு என்று வினையில் ஒட்டினால் ‘நர்’. ஓட்டுநர். ரெண்டு சுழி, மூணு சுழிச் சண்டையெல்லாம் இதற்குப் பிறகுதான். சரி, விடுகிறேன். விட்டதாக நினைக்க வேண்டாம்.

என்னை உட்கார வைத்த சொல் ‘முதலாளி’. முதலை ஆள்பவர் முதலாளி. தண்ணீரில் கிடக்கும் முதலை அல்ல, கையில் இருக்கும் முதல். சிலரிடம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. குல்விக்கியிடம் ஆள்வதற்கு முதலே கிடையாது. விஸ்கான்சின் மாநிலத்து கிரீன்ஃபீல்டுக்காரர், மெக்கானிக்கல் என்ஜினீயர். சொத்தில் பெரும்பகுதியை விற்றுவிட்டு, பந்தயக்காரர்களின் தலைநகரான சார்லட்டுக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, சாமான் ஏற்றும் வண்டி மின்கோளாறில் எரிந்துபோனது. இரவல் வண்டியில் தட்டுமுட்டுச் சாமான்களோடு போய்ச் சேர்ந்தார். ஒரு கார், இரண்டு எஞ்சின். அதை வைத்து 1986-இல் சிறந்த புதுமுகம் பட்டம்.

‘ஸ்டாக்’ என்ற சொல்லையும் நம்பிவிட வேண்டாம். ஷோரூமில் ஸ்டாக் இருக்கிற அதே கார் என்று அர்த்தம். ஒரு காலத்தில் உண்மையும்கூட. 1992-இல் அவர் ஓட்டிய ஃபோர்டு தண்டர்பேர்ட், இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் தகடு தட்டிப் போர்த்தியது. 358 கன அங்குல வி-8 எஞ்சின், கார்புரேட்டர். கதவு திறக்காது, ஜன்னல் வழியாக நுழைய வேண்டும். ஹெட்லைட் ஸ்டிக்கர்! நம் ஊர் ‘அசல் நெய்’ போர்டுகளுக்கு அண்ணன் முறை.

இப்படிப்பட்ட காரில் என்ஜினீயருக்கு என்ன வேலை? இருக்கிறது. பெரும்பாலான மைதானங்களில் இடது பக்கம் மட்டுமே திரும்ப வேண்டும். பின்கண்ணாடியில் ஒரு துளை இருக்கும். அதன் வழியே நீண்ட கைப்பிடியை விட்டு, ஸ்பிரிங்கின் மேலுள்ள ஜாக் போல்ட்டைத் திருகுவார்கள். இடது பின்பக்கத்தில் இறுக்கினால், அந்தச் சக்கரமும் அதற்கு மூலைவிட்டத்தில் இருக்கும் வலது முன்சக்கரமும் கூடுதல் எடை தாங்கும். கார் ‘டைட்’ ஆகும்: ஸ்டியரிங்கை ஒடித்தாலும் மூக்கு திரும்பாமல் வெளிச்சுவரைப் பார்க்கும். தளர்த்தினால் ‘லூஸ்’: வால் வீசும். டயர் தேயத் தேய, டேங்க் காலியாக ஆக இந்தக் கணக்கு மாறும். சீட்டில் உட்கார்ந்து இதை உணர்கிறவரும், எத்தனை திருகு என்று சொல்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் பேச்சு மிச்சம்.

இப்போது அதிர்ஷ்டத்துக்கு வருவோம். 1992 நவம்பர் 15, அட்லாண்டா, 328 சுற்று. அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம். ஆண்டு முழுக்கச் சேர்த்த புள்ளிகளில் டேவி ஆலிசன் முன்னிலை, குல்விக்கி 30 புள்ளி பின்னால், பில் எலியட் 40 பின்னால். ஆலிசன் மோதலில் சிக்கிக் கழன்றுகொண்டார்.

குல்விக்கிக்கும் ஒரு கண்டம் இருந்தது. டயர், பெட்ரோலுக்காக ஒதுங்கும் ‘பிட்’டில் முதல் முறை நின்றுவிட்டுக் கிளம்பும்போது முதல் கியர் உடைந்தது. முதல் இல்லாத முதலாளிக்கு முதல் கியரும் இல்லை! உடைந்த பல் கியர் ஆயிலில் மிதந்து வந்து வேறு பல் சக்கரங்களுக்கு இடையில் மாட்டினால் கியர் பாக்ஸே சிக்கிக்கொள்ளும். நாலாவது கியரில் போட்டுவிட்டால் சக்தி நேராகப் பின்னச்சுக்குப் போகும். பக்கத்துத் தண்டில் இருக்கும் பற்களுக்குச் சுமை இல்லை. ஆனால் நின்ற காரை நாலாவதில் கிளப்பினால் அணைந்துவிடும். கூட்டாளிகள் தள்ள வேண்டும், கிளட்ச்சை நோகாமல் விட வேண்டும். அப்படித்தான் மிச்சப் பந்தயமும் ஓடியது.

அன்றைய கணக்கில் ஜெயிக்கிறவருக்கு 175 புள்ளி, இரண்டாமவருக்கு 170. ஒரு சுற்றாவது முன்னால் ஓடினால் 5. அதிகச் சுற்று முன்னால் ஓடியவருக்கு இன்னொரு 5. அந்த இன்னொரு ஐந்தைத்தான் குல்விக்கி அணி குறிவைத்தது. 310-ஆவது சுற்று வரை முன்னால் இருந்துவிட்டு, பிறகுதான் பெட்ரோலுக்கு உள்ளே வந்தார். எலியட் ஜெயித்தார், முன்னால் ஓடியது 102 சுற்று. குல்விக்கி இரண்டாமிடம், 103 சுற்று. ஆளுக்கு 180, மொத்தம் 4078-க்கு 4068. அந்தப் போனஸ் எலியட்டுக்குப் போயிருந்தால் இருவரும் 4073. சமன் என்றால் அதிக வெற்றி பெற்றவருக்கே பட்டம்: எலியட்டுக்கு 5, குல்விக்கிக்கு 2. ஒரு சுற்றை எண்ணி எண்ணி வாங்கினார்கள். இதற்குப் பெயர் அதிர்ஷ்டம் என்றால் பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார்கள் எல்லாரும் ஜோசியர்கள்.

எல்லாரும் எளப்பமாகப் பார்த்த ஆள் என்பதை அவரே ரசித்தார். ஃபோர்டின் சம்மதத்தோடு அந்தப் பந்தயத்தில் தண்டர்பேர்ட் பெயரின் முதல் இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு ‘அண்டர்பேர்ட்’ ஆக்கினார். ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தைப் பிடுங்க வேண்டியிருந்தது. தமிழில் ‘த்’ என்ற ஒரு மெய் போதும், ‘தண்டர்’ ‘அண்டர்’ ஆகிவிடும். சிக்கனம் எந்த மொழியில் என்று பாருங்கள்!

ஜெயித்தால் மைதானத்தைத் தலைகீழாகச் சுற்றுவார். 1988-இல் ஃபீனிக்ஸில் தொடங்கிய பழக்கம். கிறுக்கு இல்லை. ஸ்டியரிங் இடது பக்கம். வழக்கப்படி சுற்றினால் ஓட்டுநர் ஜன்னல் மைதான நடுவைப் பார்க்கும். எதிர்த்திசையில் வந்தால்தான் கேலரிக்கு முகம் தெரியும். 1993 ஏப்ரல் 1 அன்று, பிரிஸ்டல் பந்தயத்துக்குப் போகும் வழியில் விமானம் விழுந்து, 38 வயதில் இறந்தார். அந்த வாரம் அங்கே ஜெயித்த ரஸ்டி வாலஸ் தலைகீழாகத்தான் சுற்றினார்.

பத்து லட்சம் டாலரை மறந்துவிடவில்லை. மறுத்ததற்குக் குல்விக்கி விலையும் கொடுத்தார். தனக்கு வரும் என்று நம்பியிருந்த மாக்ஸ்வெல் ஹவுஸ் காபி விளம்பரம் ஜான்சன் பக்கம் போனது. 1991 தொடக்கத்தில் நிலையான விளம்பரதாரர் கிடையாது. அட்லாண்டாவில் ஹூட்டர்ஸ் உணவகத்தின் பெயர் தாங்கிய கார் ஒன்று தகுதிச் சுற்றில் தேறவில்லை. முதலிடத்தில் தேறியிருந்த குல்விக்கி காரில் அந்தப் பெயரை ஒட்டினார்கள். ஜான்சனிடம் போயிருந்தால் இந்த அலைச்சல் இல்லை, சம்பளம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக ஓட்டியிருக்கலாம். 1992-இல் ஜான்சனின் காரில் அப்படி ஓட்டியவர் பில் எலியட்.