டப்பா வாங்குறது கடைசி வேலை

சேட்டிலைட் டிவி அனலாக்ல (பழைய முறை ஒளிபரப்பு) இருந்து டிஜிட்டலுக்கு மாறின காலத்துக் கேள்வி-பதில் இது, டப்பான்னா சிக்னலைப் பிரிச்சு டிவிக்குக் குடுக்குற ரிசீவர். இந்த தடவை வந்த கேள்வி எல்லாம் ஒரே விஷயத்தைச் சுத்தித்தான். வெளிநாட்டுல இருந்துகிட்டு பெரிய டிஷ் ஒண்ணு வச்சு தாய்நாட்டு சேனலை ஓசியில பாத்துட்டு இருந்தவங்க, "அனலாக்கை நிறுத்துறோம், இனிமே டிஜிட்டல், அதுவும் ஸ்கிராம்பிள் பண்ணித்தான், அதாவது பூட்டுப் போட்டுத்தான் வரும்"னு திரையில கீழ எழுத்து ஓட ஆரம்பிச்சதும் பதறிப் போய் எழுதியிருக்காங்க. பாதிப் பேர் எழுதுறதுக்கு முன்னாடியே போய் எதையோ ஒண்ணு வாங்கிட்டும் வந்துட்டாங்க, அதுதான் வருத்தமா இருக்கு. அப்படியே ஒண்ணொண்ணா பாப்போம்.

கேள்வி: சார், இத்தனை வருஷமா நல்லாத்தானே வந்துட்டு இருந்துச்சு, படமும் தெளிவா இருக்கு. இப்ப ஏன் மாத்தணும்? பூட்டுப் போடுறது எல்லாம் காசு பறிக்குற வேலைதானே?

காசும் ஒரு காரணம்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது உங்ககிட்ட வாங்குற காசை விட சேட்டிலைட்டுக்கு அவங்க கட்டுற வாடகைதான் முதல் கணக்கு. அனலாக்ல ஒரே ஒரு சேனல் சேட்டிலைட்டுல ஒரு டிரான்ஸ்பாண்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புற கருவி) முழுசையும் சாப்பிட்டுரும், 27 மெகாஹெர்ட்ஸோ 36 மெகாஹெர்ட்ஸோ மொத்த இடமும் அதுக்கே போயிரும். அதே இடத்துல டிஜிட்டல்ல, சிம்பல் ரேட் (செகண்டுக்கு எத்தனை ஆயிரம் குறியீடு போகுதுன்னு) 27500, எஃப்இசி (நாலு பிட்டுல மூணு தகவல், ஒண்ணு பிழை திருத்தன்னா) 3/4னு ஒரு செட்டிங் இருக்கு பாருங்க, அதுல செகண்டுக்கு சுமார் 38 மெகாபிட் போகும், ஒரு சாதா சேனலுக்கு நாலஞ்சு மெகாபிட் போதும்னா ஏழெட்டு சேனல் உக்காந்துரும். வாடகை எட்டா பிரியும்னா எந்த கம்பெனி சும்மா இருப்பான்?

பூட்டுக்குக் காரணம் வேற. அவங்க ஒளிபரப்புற படம், மேட்ச் எல்லாம் "இந்த நாட்டுக்கு மட்டும்"னு உரிமை வாங்கினது. சேட்டிலைட் இருக்குறது 35,786 கிலோமீட்டர் உயரத்துல, அதுக்கு எல்லைக்கோடு எல்லாம் தெரியாது, கொட்டுறது எல்லார் தலையிலயும்தான் கொட்டும். அதனால தெறந்து விட்டா உரிமை வித்தவன் சண்டைக்கு வருவான். இதுக்கு நல்ல உதாரணம் அமெரிக்க ராணுவத்தோட வெளிநாட்டு டிவி சேவை, ஏஎஃப்ஆர்டிஎஸ்னு சொல்லுவாங்க. வெளிநாட்டுல இருக்குற அவங்க ஆளுங்களுக்கும் குடும்பத்துக்கும் மட்டும்தான்னு பேசித்தான் அந்த நிகழ்ச்சிகளை வாங்குறாங்க, அதனால பவர்வுங்குற டிஜிட்டல் பூட்டைப் போட்டு, அனுமதி உள்ளவங்க டப்பாவுக்கு மட்டும் தெறந்து விடுறாங்க. காசு பறிக்கவா அது? இல்லையே.

பூட்டுப் போட்டா ஜனங்க கத்துறதும் புதுசு இல்ல. 1986 ஜனவரியில அமெரிக்காவுல எச்பிஓங்குற கட்டண சேனலை ஸ்கிராம்பிள் பண்ண ஆரம்பிச்சாங்க, அதுவும் அனலாக் காலத்துலயே. டிஷ் விக்கிறவங்க பொழப்பு போச்சு. அந்த ஏப்ரல் 27 ராத்திரி, சேட்டிலைட் ஸ்டேஷன்ல பகுதி நேரமா வேலை பாத்த ஒருத்தர், அவரும் டிஷ் வியாபாரிதான், எச்பிஓ சிக்னல் மேலயே தன்னோட சிக்னலை ஏத்தி ஒரு நாலு நிமிஷத்துக்கு மேல கட்டண எதிர்ப்பு வாசகத்தை ஊருக்கே காட்டிட்டார். பிடிபட்டார், அபராதமும் கட்டினார். பூட்டு மட்டும் எடுக்கல.

கேள்வி: எல்லா சேனலும் வரும்னு சொல்லி ஒரு டிஜிட்டல் ரிசீவர் குடுத்தாங்க. ஸ்கேன் பண்ணா சேனல் பேரு எல்லாம் வருது, பக்கத்துல டாலர் குறி போட்டு இருக்கு, ஆனா படம் கருப்பு. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லீங்க, ரிசீவர் ஒழுங்காத்தான் வேலை செய்யுது. நீங்க வாங்கினது எஃப்டிஏ டப்பா, அதாவது பூட்டு இல்லாத சேனலை மட்டும் காட்டுறது. பேரும் நம்பரும் பூட்டாம வரும், அதனால லிஸ்ட்ல தெரியும். படமும் சத்தமும்தான் பூட்டிக் கிடக்கும். டாலர் குறின்னா "இது காசு சேனல்"னு டப்பா உங்களுக்கு சொல்லுது, அவ்வளவுதான்.

உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா ஏமாற மாட்டீங்க. படத்தைப் பூட்டுற சாவி ஒண்ணு இருக்கு, அது வழக்கமா பத்து செகண்டுக்கு ஒரு தடவை மாறிக்கிட்டே இருக்கும். அந்த சாவியையே இன்னொரு பூட்டுக்குள்ள வச்சு சிக்னல் கூடவே அனுப்புறாங்க. சந்தா கட்டினா வர்ற உங்க ஸ்மார்ட் கார்டுதான் அதைத் தெறந்து டப்பாவுக்குக் குடுக்கும், டப்பா அதை வச்சு படத்தைப் பிரிக்கும். அப்ப கார்டு வேணும், கார்டோட பேசத் தெரிஞ்ச டப்பாவும் வேணும். இர்டெட்டோ, வியாக்சஸ், கோனாக்ஸ், நாக்ராவிஷன், வீடியோகார்டுனு பல கம்பெனி பூட்டு இருக்கு, ஒண்ணோட கார்டு இன்னொண்ணுல வேலைக்கு ஆகாது. பவர்வு மாதிரி சிலதுல கார்டே இல்லாம டப்பாவோட நம்பரை வச்சே தெறப்பாங்க.

சில ரிசீவர்ல சிஐ ஸ்லாட்னு ஒரு வாய் இருக்கும், பழைய லேப்டாப்புல சொருகுற பிசி கார்டு சைஸ்ல. அதுல அந்தந்த பூட்டுக்கான கேம் மாட்யூலை சொருகி, மாட்யூலுக்குள்ள கார்டை சொருகிக்கலாம். கேக்க நல்லா இருக்கு, ஆனா எல்லா கம்பெனியும் இதை ஒத்துக்கறது இல்ல, வீடியோகார்டு மாதிரி ஆளுங்க பெரும்பாலும் தங்களோட சொந்த டப்பாலதான் தெறக்க விடுவாங்க.

என் கதையையும் சொல்லிடுறேன், சிரிக்காதீங்க. ஒரு தடவை நானும் "ஸ்லாட் உள்ள மாடல்"னு கேட்டு வாங்கினேன், முன்பக்கம் அழகா ஒரு மூடி இருந்துச்சு, வீட்டுக்கு வந்து மூடியைத் தெறந்தா உள்ள வெறும் பிளாஸ்டிக் சுவரு. அதே பாடியில ஸ்லாட் வச்ச மாடல் வேற ஒண்ணு வருமாம், இது மலிவு மாடலாம், மூடி மட்டும் பொதுவாம்! வித்தவர் "நீங்க ஸ்லாட்டுனுதானே கேட்டீங்க, வேலை செய்யணும்னு சொல்லலையே"னு வேற சொன்னார். அன்னைலருந்து கடையிலயே மூடியைத் தெறந்து டார்ச் அடிச்சுப் பாக்குறேன், உள்ள ரெண்டு வரிசையா ஊசி ஊசியா பின் தெரியணும்.

அதனால நான் எல்லாருக்கும் சொல்றது, முதல்ல சேனல்காரன்கிட்ட எழுதிக் கேளுங்க, எந்த பூட்டு, எந்த மாடல் டப்பா ஒத்துக்குவீங்கன்னு. பதில் எழுத்துல வரட்டும். அப்புறம் சந்தா. டப்பா கடைசி. இன்னொண்ணு, பழைய வாடிக்கையாளருக்கு அவங்களே டப்பா தர்றாங்களான்னும் கேளுங்க. பிரிட்டன்ல ஸ்கை கம்பெனி 1998 அக்டோபர்ல டிஜிட்டல் ஆரம்பிச்சுது, 2001 செப்டம்பர்லதான் அனலாக்கை மூடுச்சு. ரெண்டும் சேந்து ஓடின நடுவுல டப்பாவை இலவசமாவே குடுக்க ஆரம்பிச்சாங்க. முதல் மாசமே ஓடிப் போய் வாங்கினவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

கேள்வி: பழைய டிஷ், எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னாடி நின்னு சிக்னலை வாங்குற கருவி) போதுமா? புதுசா எல்லாம் மாத்தணும்னு ஆள் சொல்றார்.

டிஷ்ஷை மாத்தச் சொன்னா உடனே தலையாட்டாதீங்க. டிஷ்ங்குறது வெறும் வளைஞ்ச தகரம், அதுக்கு அனலாக்கும் தெரியாது டிஜிட்டலும் தெரியாது. துருப் பிடிச்சு ஓட்டை விழல, வளைவு நெளியலன்னா அதுவே போதும். ஆனா உங்க அனலாக் படம் எப்படி வந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க. மழை நேரத்துல கருப்பும் வெள்ளையுமா பொரி பொரியா பறக்கும், ஆனாலும் கதை புரியும், உக்காந்து பாத்தோம். டிஜிட்டல் அப்படி இல்ல, கடைசி வரைக்கும் பளிச்சுனு இருக்கும், சிக்னல் ஒரு எல்லையை விட்டு இறங்கினதும் படம் கட்டம் கட்டமா உடையும், உறையும், சத்தம் கிளிக் கிளிக்குனு வெட்டும், அப்புறம் ஒண்ணுமே இல்ல. அதனால வெயில் நாள்லயே பொரி பறந்துச்சுன்னா அப்பத்தான் பெரிய டிஷ் யோசிக்கணும். எஃப்இசி என்னன்னும் பாருங்க, 1/2 போட்டா சின்ன டிஷ்லயும் பிடிக்கும், 7/8 போட்டா கொஞ்சம் பெருசு கேக்கும்.

இதுல பலரும் கவனிக்காதது, டிஜிட்டலுக்கு மாறும்போது சேனல் வேற சேட்டிலைட்டுக்கோ வேற பேண்டுக்கோ (அலைவரிசைப் பட்டை) போயிடலாம். அப்படின்னா டிஷ் திரும்பணும். எல்என்பியும் அதே கதைதான். பழைய கேயு பேண்ட் எல்என்பி பலது 10.95ல இருந்து 11.7 ஜிகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் எடுக்கும். யுனிவர்சல்னு போட்டது 10.7ல இருந்து 12.75 வரைக்கும் எடுக்கும், டப்பா 22 கிலோஹெர்ட்ஸ் டோன் ஒண்ணு அனுப்பி மேல் பாதி கீழ் பாதின்னு மாத்தும். மெனுவுல எல்ஓனு (எல்என்பிக்குள்ள இருக்குற அலைவரிசை, மெகாஹெர்ட்ஸ்ல) 9750, 10600 ரெண்டும் போடணும். சி பேண்டுன்னா பெரும்பாலும் 5150. இது தப்பா போட்டுட்டு எல்என்பி போச்சுன்னு தூக்கிப் போட்டவங்களை எனக்குத் தெரியும். உண்மையாவே எல்என்பி பழசாகி இருந்தாலும் பிரச்சனை வரும், குளிருக்கும் வெயிலுக்கும் அதோட அலைவரிசை நகரும், அனலாக் ரிசீவர் பின்னாடியே ஓடிப் பிடிச்சுக்கும், டிஜிட்டல்ல, அதுவும் சிம்பல் ரேட் மூவாயிரம் நாலாயிரம்னு சின்னதா இருந்தா, விட்டுரும். ராத்திரி மட்டும் சேனல் காணாமப் போகுதுன்னா இதைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

டிஷ்ஷை நீங்களே திருப்புறதா இருந்தா ஒண்ணு சொல்றேன். அனலாக்ல டிஷ்ஷை ஆட்டினதும் படம் தெரிஞ்சுரும், அந்தப் பழக்கத்துல டிஜிட்டலை ஆட்டினா வரவே வராது, ஏன்னா டப்பா சிக்னலைப் பிடிச்சு நிக்க ரெண்டு மூணு செகண்டு எடுக்கும், அதுக்குள்ள நீங்க தாண்டிப் போயிருப்பீங்க. ஒரு மயிரிழை நகத்துங்க, மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க, அப்புறம் அடுத்த மயிரிழை. திரையில ரெண்டு பட்டை இருக்கும், ஸ்ட்ரென்த்தை நம்பாதீங்க, டிஷ்ஷை வானத்துல வெறும் இடத்தைப் பாக்க வச்சாலும் அது ஏறி நிக்கும், எல்என்பிக்கு கரண்ட் போகுதுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். குவாலிட்டி பட்டைதான் நிஜம். அது ஏறினதும் எல்என்பியை அது உக்காந்த இடத்துலயே லேசா சுத்திப் பாருங்க, இன்னும் கொஞ்சம் ஏறும்.

கேபிள் முனையில இருக்குற எஃப் கனெக்டரைக் கழட்டுறதுக்கு முன்னாடி டப்பாவை சுவிட்ச்சுல ஆஃப் பண்ணுங்க, ரிமோட்ல இல்ல. அந்தக் கம்பியில எல்என்பிக்கு 13 வோல்ட், 18 வோல்ட் ஏறிட்டு இருக்கும். சுத்தி இருக்குற வலைக்கம்பியில ஒரே ஒரு முடி நடுக்கம்பியைத் தொட்டாப் போதும், ஷார்ட். அப்படி நான் ஒரு டப்பாவை சாகடிச்சிருக்கேன், சின்ன பட்டுனு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கேள்வி: நான் இருக்குற நாட்டுல இந்த சேனல் கார்டு விக்கிறது இல்லையாம். ஊர்ல மச்சான் பேர்ல வாங்கி அனுப்பச் சொல்லலாமா? இல்லேன்னா கார்டே இல்லாம சாஃப்ட்வேர் போட்டு தெறக்குற டப்பா இருக்காமே?

மச்சான் கார்டு வரலாம், வேலையும் செய்யலாம், நிறைய பேர் அப்படித்தான் பாக்குறாங்க, நான் பாக்காத மாதிரி நடிக்கல. ஆனா அந்த கார்டு மச்சான் நாட்டுல மட்டும் பாக்கணும்னு கையெழுத்துப் போட்டு வாங்கினது. வெளியில இருக்குன்னு தெரிஞ்சா எப்ப வேணா மேலருந்தே கட் பண்ணுவாங்க, அன்னைக்கு நீங்க யார்கிட்டயும் போய் நிக்க முடியாது, ஏன்னா வாடிக்கையாளர் நீங்க இல்ல, மச்சான். கட்டின சந்தா அப்படியே போகும், மச்சானோட பேச்சுவார்த்தையும் போகலாம். அதுக்கு மேல, புது சேட்டிலைட்டோட பீம் (சிக்னல் விழுற பரப்பு) உங்க பக்கம் விழுதான்னே தெரியாம கார்டு வாங்கிடாதீங்க, அந்த வரைபடத்தை சேட்டிலைட் கம்பெனியே வெளியிடும்.

சாஃப்ட்வேர் டப்பா வேண்டவே வேண்டாம். திருட்டுங்கறது ஒரு பக்கம் இருக்கட்டும், வாங்குறவனுக்கே நஷ்டம். கம்பெனி பூட்டை மாத்தினதும் எல்லாம் கருப்பாயிரும், வித்தவர் ஃபோன் எடுக்க மாட்டார், அதுக்கு பில்லும் கிடையாது. முதல்ல சேனல்காரன்கிட்ட உங்க நாட்டுக்கு ஏஜென்ட் இருக்காங்களான்னு கேளுங்க, தாய்நாட்டு பேக்கேஜும் வெளிநாட்டு பேக்கேஜும் வேற வேற சேட்டிலைட்டுல, வேற வேற கார்டோட வர்றது சகஜம்.

கேள்வி: காசு கட்டியாச்சு, கார்டு போட்டாச்சு, இன்னும் "அனுமதி இல்லை"னே வருது.

கார்டு சிப் பக்கம் சரியா இருக்கான்னு பாருங்க, நிறைய டப்பாவுல கீழ பாத்து இருக்கணும். சரியா இருந்தா, அந்த சேனலையே வச்சுட்டு டப்பாவை ஆன்ல விட்டுடுங்க. "இந்த நம்பர் கார்டுக்குத் தெறந்து விடு"ங்குற கட்டளை காத்துலதான் வருது, டப்பா தூங்கிட்டு இருந்தா யார் வாங்கிக்கிறது? லீவுக்குப் போய் ஒரு மாசம் டப்பா ஆஃப்ல கிடந்தாலும் இதேதான் ஆகும். ராத்திரி முழுக்க விட்டும் வரலன்னா கார்டு நம்பரைப் படிச்சுச் சொல்லி மறுபடி சிக்னல் அனுப்பச் சொல்லுங்க.

கேள்வி: ஒரே டப்பால ரெண்டு ரூம் டிவி ஓடுமா? என் டிவி என்டிஎஸ்சி, சேனல் பால்ல வருது (ரெண்டும் வேற வேற நாட்டு டிவி முறை).

ஒரே படம் ரெண்டு ரூம்லயும்னா ஓடும், ஆளுக்கொரு சேனல்னா ரெண்டாவது டப்பா, ரெண்டாவது கார்டு, ரெண்டு அவுட்புட் உள்ள எல்என்பி. பழைய அனலாக் ரிசீவர் 625 வரி பால் படத்தை அப்படியேதான் தரும், அதனால மல்டிசிஸ்டம் டிவி தேவைப்பட்டுச்சு. டிஜிட்டல் டப்பா சிலது மெனுவுலயே பால், என்டிஎஸ்சி மாத்திக் குடுக்கும். கடையில உங்க டிவியைத் தூக்கிட்டுப் போக முடியாது, அதனால மெனுவைத் தெறந்து அந்த ஆப்ஷனைக் காட்டச் சொல்லிட்டு வாங்குங்க. பழைய ரிசீவரை அதுக்குள்ள தூக்கிப் போட்டுடாதீங்க, அனலாக் நிக்கிற நாள் வரைக்கும் அது ஓடும்.