ஹைட்ராலிக் ஆயிலில் உலோகத் துகள்: எந்த சென்சார் வாங்கலாம்?

கேள்வி: எங்கள் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பிஸ்டன் பம்ப் திடீரென்று பழுதாகி வேலை நின்றுவிட்டது. இனி தேய்மானம் முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று சென்சார் விசாரித்தோம். ஒருவர் 4 மைக்ரான் துகளையே எண்ணும் ஆப்டிகல் சென்சாரைக் காட்டுகிறார். இன்னொருவர் சொல்லும் காயில் வகை 40 மைக்ரானுக்கு மேல்தான் பார்க்குமாம், விலையும் கூடுதல். எதை வாங்குவது?

பதில்: உங்கள் தேவைக்குக் காயில் வகைதான். மைக்ரான் எண் சிறியதாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஆப்டிகல் சென்சார் ஆயிலில் ஒளியைப் பாய்ச்சி, துகள்கள் அதை மறைப்பதால் விழும் நிழலை எண்ணுகிறது. தூசி, இரும்பு, நீர்த்துளி, காற்றுக்குமிழி எல்லாம் அதற்கு ஒன்றுதான். ஆயிலின் சுத்தத்தைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 4406 முறையில் 18/16/13 என்று காட்டும்; 4, 6, 14 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் எவ்வளவு என்பதற்கான குறியீடுகள் இவை. இதில் ஓர் எண் ஏறினாலே துகள்கள் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டன என்று அர்த்தம். ஃபில்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அருமையான கருவி. ஆனால் பம்ப் தேய்கிறதா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது.

காயில் வகையில் ஆயில் ஒரு கம்பிச்சுருளின் காந்தப்புலம் வழியாகப் போகும். இரும்புத் துகள் கடந்தால் சிக்னல் ஒரு பக்கம் போகும், வெண்கலமோ பித்தளையோ கடந்தால் எதிர்ப்பக்கம் போகும். குமிழியை உலோகம் என்று எண்ணாது. பம்ப் கெடத் தொடங்கும்போது உதிர்வது பெரிய சில்லுகள் என்பதால் 40 மைக்ரான் ஒரு குறையல்ல.

ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள். அந்த 40 இரும்புக்கான அளவாகத்தான் இருக்கும். வெண்கலத்துக்கு எவ்வளவு? அது பெரும்பாலும் பல மடங்கு கூடுதல். பல பிஸ்டன் பம்புகளில் ஸ்லிப்பரும் (பிஸ்டன் நுனியில் சறுக்கும் பாதம்) சிலிண்டர் பிளாக்கின் உராயும் முகமும் வெண்கலம் அல்லது பித்தளை, முதலில் தேய்வதும் பலசமயம் அவைதான். காந்த பிளக் (துகளை ஈர்த்துப் பிடிக்கும் காந்த மூடி) போட்டாலே போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதில் இரும்பு மட்டும்தான் ஒட்டும்.

பொருத்தும் இடம் பம்பின் கேஸ் டிரெய்ன் லைன் (பம்பின் கூட்டுக்குள் கசியும் ஆயிலைத் தொட்டிக்குத் திருப்பும் குழாய்), அதுவும் ஃபில்டருக்கு முன்னால். ஃபில்டருக்குப் பின்னால் வைத்தால் பணம் தண்டம். அப்புறம், ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது சென்சார் ஓட்டத்தைத் தடுப்பதால் எவ்வளவு அழுத்தம் ஏறும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கேஸில் அழுத்தம் ஏறினால் ஷாஃப்ட் சீல் போய்விடும்.

பழுதான பம்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பிரித்துப் பாருங்கள். உராயும் முகங்களில் மண் கீறியதுபோல் கோடுகள் இருந்தால், சென்சாருக்கு முன் நல்ல ஃபில்டருக்குத்தான் செலவு செய்ய வேண்டும்.