பழைய சென்சார் எங்கே?

வாசகரின் கடிதம் நீளமானது. சுருக்கம் இது: "முன்னெச்சரிக்கையாக மாற்றிவிடலாம் என்று சொல்லி, சர்வீஸில் கிராங்க் சென்சாரையும் (எஞ்சின் சுழற்சியைக் கணிப்பது) ஆக்சிஜன் சென்சாரையும் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளப்பது) மாற்றினார்கள். மூன்று மாதத்தில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது, சில நேரம் மினுக்கியது. போனில் கேட்டபோது, 'ஓட்டுங்க, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்' என்றார் சர்வீஸ் ஆலோசகர். இரண்டு வாரம் ஓட்டினேன். ஓர் இரவு நெடுஞ்சாலையில் எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் லாரி, உள்ளே குழந்தைகள். பக்கத்து ஊர் மெக்கானிக் வேறு கிராங்க் சென்சார் போட்டு ஓட வைத்தார். இப்போது புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் போய்விட்டது என்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் மரியாதையில்லாமல் பேசினார்கள். சென்சார் விலையும் கூலியும் மட்டும் தருகிறார்களாம். கன்வெர்ட்டருக்கும் மன உளைச்சலுக்கும் சேர்த்து வழக்குப் போடலாமா?"

போடலாம். ஆனால் இப்போது கையில் இருப்பதை மட்டும் வைத்துப் போட்டால், பெரிய தொகையான கன்வெர்ட்டர் விஷயத்தில் நீங்கள் தோற்கவே வாய்ப்பு அதிகம்.

குழந்தைகள் பயந்தது, அவர்கள் பேசிய விதம், இவையெல்லாம் எனக்குப் புரிகிறது. வழக்கை நிறுத்தும் தூண் அவை அல்ல. உங்கள் கடிதத்தில் நான் தேடிய ஒரே வரி, மெக்கானிக் கழற்றிய அந்தச் சென்சார் இப்போது எங்கே இருக்கிறது என்பது. அந்த வரி மட்டும் கடிதத்தில் இல்லை.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38, சோதிக்காமல் தெரியாத குறைபாடு என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப, வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கு வழி தருகிறது. பொருளே இல்லையென்றால் எதை அனுப்புவது? வண்டியின் கணினியில் பதிவான பிழைக் குறியீட்டையும் மெக்கானிக் அழித்திருப்பார். அழிக்கும்போது, பிழை வந்த நேரத்து எஞ்சின் வேகம், சூடு, பளு ஆகியவற்றைக் காட்டும் பதிவும் சேர்ந்தே போய்விடும். என்னிடம் வந்த வாகன வழக்குகளில் பாதி இந்த இடத்தில்தான் சரிந்தன. நடுவழியில் வண்டி ஓடினால் போதும் என்று நினைப்பது இயல்பு; அந்த அவசரத்தில் சாட்சியம் குப்பைக்குப் போய்விடுகிறது.

குறியீடு கிடைத்தாலும் அது முழு விடை அல்ல. கிராங்க் சென்சாருக்கான பி0335 குறியீடு, சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் சொல்கிறது. கெட்டது சென்சாரா, வயரா, எண்ணெய் இறங்கிய கனெக்டரா என்று அது சொல்லாது. உங்கள் மெக்கானிக் சென்சாரை மாற்றியபோது கனெக்டரையும் துடைத்துச் செருகியிருப்பார். எதனால் வண்டி ஓடியது என்று எதிர்த்தரப்பு கேட்கும், பதில் இருக்காது. இன்னொன்று, இந்த வகைச் சென்சார் சூட்டில் நின்று ஆறியதும் வேலை செய்வது உண்டு. பழையது கிடைத்தால், சூடேற்றியும் சோதிக்கச் சொல்லி மனுவிலேயே கேளுங்கள். குளிர்ந்த நிலையில் மட்டும் பார்த்து 'நல்ல நிலை' என்று அறிக்கை வந்துவிட்டால் அதைத் திருத்துவது பெரும்பாடு.

அடுத்து, உங்களுக்கு நீங்களே வைத்துக்கொண்ட ஆபத்து: "மினுக்கியது" என்ற சொல். விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள் என்று பொருள். மினுக்கினால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதை உருக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது என்று பொருள். பெரும்பாலான வண்டிகளின் கையேட்டிலேயே இது இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பக்கத்தை நகலெடுத்துத் தாக்கல் செய்து, இரண்டு வாரம் ஓட்டியது யார் என்று ஒரு கேள்வி கேட்டு உட்கார்ந்துவிடுவார். மிஸ்ஃபயருக்குக் காரணம் தேய்ந்த ஸ்பார்க் பிளக் என்றும் சொல்வார்.

அதற்கு உங்களிடம் இருக்கக்கூடிய ஒரே கேடயம் ஆலோசகர் சொன்ன "ஓட்டுங்க". போனில் சொன்னது மட்டும் என்றால், சொல்லவே இல்லை என்பார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்தாலும் நிலைமை அடியோடு மாறும். அப்போது இது சேவைக் குறைபாடு, கன்வெர்ட்டரையும் தைரியமாகக் கேட்கலாம். தேடிப் பாருங்கள். கிடைத்தால் அந்தப் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 63இன் கீழ் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது.

சர்வீஸில் செய்ய வேண்டிய வேலைகளை எழுதிய ஜாப் கார்டையும் எடுத்துப் பாருங்கள். வழக்கமான பராமரிப்பு அட்டவணையில் ஆயில், ஃபில்டர், பிளக் மாற்றக் கெடு இருக்கும். கிராங்க் சென்சாருக்கு அப்படிக் கெடு பெரும்பாலும் இருக்காது. கெட்டால் மாற்று என்பதே முறை. ஆகவே நன்றாக இருந்த சென்சாரை ஏன் கழற்றினீர்கள் என்று நீங்கள் கேட்க இடம் இருக்கிறது. ஆனால் ஜாப் கார்டில் 'வாடிக்கையாளர் கேட்டபடி' என்று எழுதி, கீழே உங்கள் கையெழுத்தும் இருந்தால் அந்த வாதம் போச்சு. பில்லில் பாகத்தின் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் 'சென்சார் – 1' என்று இருந்தால், அவர்கள் போட்டது எந்தச் சரக்கு என்பதையே நிரூபிக்க முடியாது. டெலிவரியின்போது போட்ட 'திருப்தி' கையெழுத்தை நினைத்துப் பதற வேண்டாம். பிறகு வெளிப்பட்ட குறைபாட்டை அது மூடிவிடாது.

வண்டியையே மாற்றித் தரக் கேட்கலாமா என்றும் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். வாரண்டி என்பது கெட்ட பாகத்தை மாற்றித் தரும் கடமை, முழு வண்டியையும் மாற்றும் கடமை அல்ல என்று 2006இல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் சொல்லிவிட்டது. பெரிதாகக் கேட்டால், சின்ன நியாயமான கோரிக்கையின் மேல் இருக்கும் நம்பிக்கையும் குறையும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். ஆனால் அவர்கள் சொல்லும் தொகைக்கு அல்ல. சென்சார் விலை, கூலி, வண்டியை இழுத்துச் சென்ற செலவு, கன்வெர்ட்டர் விலையில் பாதி, இவ்வளவும் கேளுங்கள். எழுத்தில் ஆதாரம் கிடைத்தால் கன்வெர்ட்டரின் முழு விலையையும் கேளுங்கள். மன உளைச்சலுக்கான தொகையை பேரத்தில் விட்டுக்கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள். பணம் கைக்கு வருமுன் 'முழுமையாகத் தீர்ந்தது' என்ற தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். சென்சார் பணத்தை வாங்கும்போது அந்தத் தாளில் கையெழுத்திட்டுவிட்டு, கன்வெர்ட்டருக்காக என்னிடம் வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் செய்ய முடிந்தது மிகக் குறைவு.

வழக்குப் போடுவதற்கான இரண்டு ஆண்டு காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது; பேச்சுவார்த்தை நடப்பதால் அது நிற்காது. முதலில் இன்றே அந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பழைய சென்சார் அவருடைய பட்டறை மூலையில் கிடக்கலாம், ஸ்கேனரிலும் பழைய அறிக்கை சேமிப்பில் இருக்கலாம். கன்வெர்ட்டரை இன்னும் கழற்றவில்லை என்றால், தனிப்பட்ட நிபுணர் ஒருவர் பார்த்து எழுதித் தரும் வரை யாரையும் தொடவிடாதீர்கள். கழற்றிய பிறகு அதையும் ஸ்பார்க் பிளக்குகளையும் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.