மங்கு என்றால் என்ன?

அன்புள்ள ஐயா,

பதிப்பாளரோடு இருபத்தாறு வருடம் கடிதத்திலேயே பழகியதாக கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கூட்டத்தில் சொன்னீர்கள். என் முதல் தொகுப்பு சென்னையில் அச்சாகிறது. பணம் கட்டிவிட்டேன், அட்டைப்படம் வாட்ஸப்பில் வந்தது, ‘ஓகே’ போட்டேன், அவ்வளவுதான். பதிப்பாளர் நண்பராகவும் இருக்க வேண்டுமா?

ஒரு வாசகர், செந்தூல்

அன்புள்ள தம்பிக்கு,

நண்பராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் கதைகளை அவர் படித்திருக்க வேண்டும். எங்கள் நட்பே அதிலிருந்து வந்ததுதான்.

என் கைப்பிரதி சென்னைக்குப் போய் ஒன்றரை மாதம் கழித்துப் பதிப்பாளரிடமிருந்து ஏரோகிராம் வந்தது, தாளையே உறையாக மடித்து அனுப்பும் விமானத் தபால். நலம் விசாரிப்பு ஒரு வரி, அப்புறம் முழுக்கக் கேள்விகள். மங்கு என்றால் என்ன, பெரட்டு என்றால் என்ன, ஓரிடத்தில் கித்தா, இன்னோரிடத்தில் ரப்பர் என்று எழுதியிருக்கிறீர்களே, தெரிந்துதான் எழுதினீர்களா? எனக்குக் கோபம் வந்தது. ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த சொற்கள் இவை. டாயாபூமி தபால் நிலையத்தில் 50 காசு ஏரோகிராம் வாங்கி ஓரமெல்லாம் நிரப்பினேன்: பால் வடிய மரத்தில் கட்டும் கிண்ணம் மங்கு, விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது பெரட்டு, கித்தா என்று அம்மா சொல்வார், ரப்பர் என்று தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி சொல்வார். இதை எழுதும்போதுதான், கதையில் அம்மாவே இரண்டு இடத்தில் ரப்பர் என்று பேசுவது உறைத்தது. இரண்டு கதைகளைத் திரும்ப வாங்கி மறுபடி எழுதினேன். அடிக்குறிப்பு போடலாம் என்றிருந்தேன், இனி வேண்டாம், சென்னை வாசகர் கதைக்குள்ளிருந்தே புரிந்துகொள்ளட்டும் என்று அவரிடமிருந்து பதில் வந்தது.

1950களில் இதே கோலாலம்பூரில் தமிழ் நேசன் நாளிதழில் வேலை பார்த்த கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. அது ஒரே ஊர்க்காரர்களின் சிநேகம். எங்களுக்கு ஊரும் வேறு, நேரில் பார்த்ததும் இரண்டே முறை. இருந்தும் அம்மா இறந்தபோது அவர் எழுதிய கடிதத்தை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன். கித்தா என்று சொல்கிறவர் போய்விட்டாரே என்று எழுதியிருந்தார். என் வீட்டில்கூட யாரும் அம்மாவை அப்படி நினைக்கவில்லை.

இங்கே வெளியீட்டு விழாவில் முதல் நூல் வாங்குபவர் கொடுக்கும் பண உறையிலேயே அச்சுச் செலவு பெரும்பாலும் தேறிவிடும். அதனால் புத்தகத்தை யாராவது படித்தார்களா என்று கேட்கும் வழக்கமே நம்மிடம் இல்லாமல் போனது. எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. நீங்கள் கேளுங்கள். இன்றே அவருக்குப் போன் போட்டு, எந்தக் கதையில் எந்த இடம் புரியவில்லை என்று கேளுங்கள். எல்லாம் புரிந்தது, நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால், அச்சைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டுக் கைப்பிரதியை எனக்கு அனுப்புங்கள். நான் படித்துக் கேள்வி எழுதுகிறேன்.