மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தில் ஏறுவது வீண் அலைச்சலா?

அரை நாள்தான் கையில் இருக்கிறது, கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கடல் பார்க்க என்றால் அத்தனை படிகள் அநாவசியம், அது கீழேயே கிடைக்கிறது. மேலே நின்று பார்க்க வேண்டியது, பக்கத்திலேயே இருக்கும் பழைய விளக்கை.

நான் முதல் தடவை பள்ளிச் சுற்றுலாவில் போனபோது கோபுரம் பூட்டியிருந்தது. பாதுகாப்புக் காரணம் சொல்லி 2001-இல் மூடியதை 2011-இல்தான் திறந்தார்கள். சரி, வந்ததற்கு என்று பக்கத்துப் பாறையில் ஏறி, உச்சியில் இருந்த ஒரு மொட்டைக் கோயிலின் நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். நாங்கள் சாய்ந்திருந்த சுவர்தான் ஒரு காலத்தில் கப்பல்களுக்கு விளக்கைத் தூக்கிப் பிடித்தது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

அது ஒலக்கண்ணேஸ்வரர் கோயில். 8-ஆம் நூற்றாண்டு, பல்லவர் காலத்துக் கட்டுமானம். ராவணன் கயிலாயத்தைத் தூக்கும் சிற்பம் அதன் சுவரில் இருக்கிறது, தேடிப் பாருங்கள். மேல்பகுதி இடிந்து போய்த் தலை தட்டையாகிவிட்டது. வெள்ளைக்காரர்களுக்கு அது வசதியாகப் போயிற்று, அந்தத் தலையிலேயே விளக்கை வைத்துவிட்டார்கள். தினமும் உழக்கு எண்ணெய் ஊற்றி விளக்கேற்றியதால் 'உழக்கெண்ணெய் ஈஸ்வரர்', அதுதான் மருவிவிட்டது என்று ஒரு கதையும் உண்டு. கால் படி எண்ணெயில் எந்தக் கப்பலுக்கு வெளிச்சம் தெரியும் என்று கேட்காதீர்கள், எனக்குக் கதை பிடித்திருக்கிறது. (காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் 'கரை'தான் கலங்கரையிலும். கலத்தைக் கூப்பிடுகிற விளக்கு.)

இப்போதுள்ள கல் கோபுரம் 1904-இல் வந்தது. உயரம் சுமார் 26 மீட்டர். வட்டப் படிகள் பரவாயில்லை, கடைசியில் வரும் செங்குத்து ஏணிதான் கொஞ்சம் சோதிக்கும். செல்போனைப் பையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்து ஏறுங்கள். குனிந்து ஒரு சின்ன வாசலைத் தாண்டினால் காற்று ஆளைத் தள்ளும். எல்லோரும் கிழக்கே, கடற்கரைக் கோயில் பக்கம் போய் நிற்பார்கள். நீங்கள் நேர் கீழே பாருங்கள். அந்த மொட்டைத் தலை, உள்ளங்கை மாதிரி விரிந்து தெரியும். நான் இரண்டாம் தடவை போனபோது அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். பின்னால் வந்தவர்கள் திட்டியிருப்பார்கள்.

இறங்கியதும் அதே பாறையின் அடியில் இருக்கும் மகிஷாசுரமர்த்தினி குகையை விட்டுவிடாதீர்கள். ஒரு சுவரில் சிங்கத்தின் மேல் துர்க்கை போருக்குப் பாய்கிறாள், எதிர்ச் சுவரில் திருமால் பாம்பணையில் நிம்மதியாகத் தூங்குகிறார்.

உச்சி வெயிலில் போகாதீர்கள், பாறை காலைச் சுடும். அப்புறம், புளிசாதம் கொண்டுபோனால் கீழேயே முடித்துவிடுங்கள். மேலே குரங்குகள் உண்டு.