புல்தரை மேல் ரெடிமிக்ஸ் லாரி

வணக்கம். களிமண் தரை, 40 மீட்டர் தூரம், ரெடிமிக்ஸ் (கலந்தே வரும் கான்கிரீட்) லாரி போக வேண்டும், பிறகு புல்லும் திரும்ப வேண்டும் என்கிறீர்கள். கொத்தனார் புல்லைச் செதுக்கச் சொன்னாலும் செதுக்காதீர்கள். அந்த வேர்ப்பின்னலும் பாரம் தாங்கும். குட்டையாக வெட்டிவிட்டு ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்ணையும் ஜல்லியையும் கலக்காமல் பிரித்து வைக்கும் செயற்கை இழைத் துணி) விரியுங்கள், இணைப்பில் அரை மீட்டராவது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். துணி இல்லாவிட்டால் 25 டன் எடையில் ஜல்லி சேற்றுக்குள் போய்விடும். நான் அப்படி இரண்டு லோடு புதைத்தவன்!

துணி மேல் ஒரு அடிக் கனத்துக்குப் பெரிய ஜல்லி, 4 மீட்டர் அகலம். டிப்பர் வெறும் துணியில் ஏறக் கூடாது. கொட்டிய ஜல்லி மேலேயே நின்று, ஜேசிபியால் முன்னே தள்ளிக்கொண்டே போங்கள். செம்மண் கிராவல் வேண்டாம், மழையில் வழுக்கும்.

அப்புறம், இரண்டே நடைதான் என்றால் ஜல்லிக்குப் பதிலாக வழியில் விரிக்க இரும்புத் தகடு வாடகைக்குக் கிடைக்கிறதா பாருங்கள். வேலை முடிந்து ஜல்லியையும் துணியையும் எடுத்ததும் இறுகிய மண்ணைக் கொத்திவிடுங்கள், அருகம்புல் தானே படரும்.